போகிற நாளைச் சொல்லிவிட்டுப் போகட்டும்!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு)



தூத்துக்குடிக்காரர்களுக்கு ஏப்ரல் 15 என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக அரசு போட்ட சட்டம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆகிவிட்டது. இதில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நான் சொல்ல வரவில்லை. படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு சிரமப்பட்டுத்தான் எரியும். ஆனாலும் "நேத்து ராத்திரி திடீர்னு தடை போட்டுட்டாங்களே" என்று ஒருவரும் புலம்பியது கிடையாது. ஏனென்றால் தேதி ஊருக்கே தெரியும். வலை பின்னுகிற வேலை, இன்ஜின் கழற்றுகிற வேலை, படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை எல்லாவற்றையும் அந்த நாட்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

2025-ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 15-ஆம் தேதி கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒன்று கரையேற்றப்பட்டது. உலகெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் என்ற சேவையில் 'உபுண்டு 20.04' என்ற பில்ட் இமேஜ் அன்றோடு நிறுத்தப்பட்டது. அதற்கும் முன்கூட்டியே தேதி சொல்லியிருந்தார்கள். தேதியைப் படித்தவர்கள் பிழைத்தார்கள். படிக்காதவர்களின் பில்ட் நின்று போனது.

மெக்கானிக்கல், சிவில் தோழர்கள் "இது கம்ப்யூட்டர்காரன் கதை" என்று பக்கத்தைத் திருப்பி விட வேண்டாம்! இது உங்கள் லேபுக்கும் வரும் கதைதான்.

எங்களுக்கு வந்த சோதனை

எங்கள் குழுவில் நாலு பேர். மினி புராஜெக்டுக்கு மீன் ஏலக் கணக்கு எழுதும் ஒரு புரோகிராம் செய்தோம். எந்தப் படகு, எத்தனை கூடை, யார் எடுத்தார், எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அதில் வரும். நாலு பேரும் நாலு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதால், எழுதியதை ஓர் இலவசச் சேவையில் ஏற்றி வைப்போம். யார் எதை ஏற்றினாலும் உடனே அங்கே ஒரு கம்ப்யூட்டர் தானாக அதைச் சேர்த்துக் கட்டி, சோதனைகளை ஓட்டி, சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு என்று காட்டும். இதைத்தான் தொடர் ஒருங்கிணைப்பு, சுருக்கமாக சி.ஐ. என்கிறார்கள்.

ரெவ்யூவுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாம் சிவப்பு! "ஏல, சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சுல்லா? நாம ஒண்ணையும் தொடலையே!" என்று ஒருத்தன் கத்துகிறான். இன்னொருத்தன் எழுதியதை எல்லாம் ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறான். ராத்திரி இரண்டு மணி வரை தேடியும் எங்கள் புரோகிராமில் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் ரெவ்யூவில் தலை குனிந்து நின்றோம். எங்கள் சார் திரையை மேலே தள்ளி ஒரு மஞ்சள் வரியைக் காட்டினார். "தம்பி, இத படிச்சீங்களாடே?" என்று கேட்டார். பழைய இமேஜ் போகிறது, இந்தத் தேதியிலிருந்து புதியது வருகிறது என்று அந்த வரி சொன்னது. அது பல வாரமாக அங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள் பச்சை விளக்கை மட்டும் பார்த்தோம், மஞ்சள் வரியைப் பார்க்கவில்லை.

ஆகவே அந்தச் சேவையைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. குற்றம் எங்களுடையது. ஆனால் அந்த ராத்திரிதான் இந்த விஷயத்தை யோசிக்க வைத்தது.

இமேஜ் என்றால் என்ன?

கடலுக்குப் போக தினமும் வாடகைக்கு ஒரு வள்ளம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வள்ளத்தோடு இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, கயிறு, விளக்கு எல்லாமே வரும். நீங்கள் ஆளாக ஏறினால் போதும். திரும்பி வந்ததும் அந்த வள்ளத்தைப் பிரித்துப் போட்டு விடுகிறார்கள். மறுநாள் அதே அச்சில் இன்னொரு புது வள்ளம். நேற்றைய அழுக்கு ஒட்டாது, நேற்றைய கோளாறும் தொடராது.

சி.ஐ. வேலையும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கம்ப்யூட்டர் உருவாகி, வேலை முடிந்ததும் அழிந்து விடுகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கான அச்சுதான் பில்ட் இமேஜ். ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், நூலகங்கள், இன்னும் நூற்றுக்கணக்கான சாமான்கள் அதற்குள் கட்டி வைக்கப்பட்டிருக்கும். நாம் ஒரே ஒரு வரியில் எந்த அச்சு வேண்டும் என்று எழுதினால் போதும்.

சிக்கலும் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது. 'உபுண்டு 22.04' என்று எண் போட்டும் எழுதலாம். 'லேட்டஸ்ட்' என்றும் எழுதலாம். நாங்கள் எழுதியது லேட்டஸ்ட். புதுசுதானே நல்லது என்று நினைத்தோம்! லேட்டஸ்ட் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல. "நீங்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கொள்கிறேன்" என்று வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. பழைய வள்ளத்தில் இருந்த ஒரு சாமான் புது வள்ளத்தில் இல்லை. நடுக்கடலில் கையை விட்டுத் தேடியபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

பழையதை ஏன் எடுக்க வேண்டும்?

"ஓடுகிறதை ஏன் நிறுத்த வேண்டும்? பழசு பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்துட்டுப் போகட்டுமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அது நியாயம் போலத் தெரியும், ஆனால் நியாயம் இல்லை.

உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வருகிறது. 20.04 என்றால் 2020 ஏப்ரல், 22.04 என்றால் 2022 ஏப்ரல், 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஒவ்வொன்றுக்கும் பொதுவான ஆதரவு ஐந்து ஆண்டு. அதற்குப் பிறகு ஓட்டை தெரிந்தாலும் சாதாரணமாக யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். ஓட்டை உள்ள வள்ளத்தில் ஒருவன் தனியாகப் போனால் அது அவனோடு போகும். பில்ட் செய்யும் இடம் அப்படி அல்ல. அங்கே கட்டப்படுவதுதான் ஆயிரக்கணக்கான பேர் கைக்குப் போகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் கதை வெளியே வந்தது. திருடர்கள் அந்த நிறுவனம் மென்பொருளைக் கட்டுகிற இடத்துக்குள்ளேயே புகுந்து, கட்டும்போதே விஷத்தைக் கலந்து விட்டார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்தது பழைய இமேஜால் அல்ல. ஆனால் பில்ட் செய்யும் இடத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

தவிர, ஒவ்வொரு பழைய அச்சையும் வாரா வாரம் துடைத்து, சோதித்து வைக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், பணம் வேண்டும். ஆகவே கிட்ஹப் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நிலையான இமேஜ் அதிகபட்சம் இரண்டு, சோதனை நிலையில் ஒன்று. புதியது நிலைக்கு வந்ததும் ஆகப் பழையது விடைபெறத் தொடங்கும். இதை யாரும் படிக்கும்படி எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பழையது போகத்தான் வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

முத்துப் பார் சொல்லும் பாடம்

வருவதற்கும் ஒரு முறை உண்டு. அதை நம் முன்னோர் கடலிலேயே வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் இடத்தைப் பார் என்போம். முத்துக்குளிப்பு இஷ்டத்துக்கு நடந்தது அல்ல. அரசு ஆட்கள் முதலில் பாரைப் பார்வையிடுவார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயதும் அளவும் பார்த்து, திறந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போடுவார்கள். தேறினால்தான் இன்ன நாளில் குளிப்பு என்று அறிவிப்பு வரும். அதைப் பார்த்துத்தான் பல ஊர்க்காரர்கள் தோணியோடு வந்து சேருவார்கள். பிஞ்சாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

சோதனை இமேஜ் என்பது இந்த மாதிரிச் சிப்பிதான். "இது இன்னும் முற்றவில்லை, விருப்பமுள்ளவர்கள் திறந்து பாருங்கள்" என்று முதலில் வெளியே விடுகிறார்கள். குறை சொல்ல வேண்டியவர்கள் சொல்லி, அது திருத்தப்பட்ட பிறகே நிலையானது என்ற பெயர் கிடைக்கிறது. அப்புறமும் லேட்டஸ்ட் என்ற பலகையை ஒரே ராத்திரியில் மாற்றி மாட்டுவதில்லை. கிட்ஹப்பில் லேட்டஸ்ட் என்பது 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியபோது, 2024 டிசம்பர் 5-இல் தொடங்கி 2025 ஜனவரி 17 வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். 22.04-இல் இருந்த சில சாமான்கள் புதியதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் முன்பே சொன்னார்கள்.

20.04-ஐ நிறுத்தியபோது செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏப்ரல் 15-க்கு முன்பே, மார்ச் மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் சில மணி நேரம் மட்டும் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி ஓட விட்டார்கள். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன இன்ன தெருவில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை மின்தடை என்று மின்வாரியம் பேப்பரில் போடும் இல்லையா? அதே மாதிரி! அறிவிப்பைப் படிக்காதவனுக்கும் அந்தச் சில மணி நேரம் உறைத்திருக்கும். "ஏன் நின்னுச்சு?" என்று எட்டிப் பார்த்திருப்பான். எட்டிப் பார்த்தால் தேதி கிடைத்திருக்கும். நிஜமாகவே நிற்கும் நாளுக்கு முன் ஓர் ஒத்திகை. கடிதம் பத்து அனுப்புவதை விட இது மேல் என்பது என் தாழ்மையான கருத்து.

வாக்கு மாறினால்?

எல்லோரும் இப்படி நடந்து கொள்கிறார்களா? இல்லை! சென்ட்ஓஎஸ் என்று ஒரு லினக்ஸ். காசு கொடுக்க முடியாத எத்தனையோ கல்லூரிகளும் சின்னக் கம்பெனிகளும் அதை நம்பி சர்வர் வைத்திருந்தன. அதன் எட்டாவது பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது. 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்தார்கள். 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்றார்கள்! தேதி சொன்னார்கள்தான், ஒரு வருடம் அவகாசமும் கொடுத்தார்கள்தான். ஆனால் முதலில் சொன்னதை நம்பி வீடு கட்டியவன் கதி? பத்து வருட வாடகை ஒப்பந்தம் என்று குடி வந்தவனை இரண்டாம் வருடம் காலி செய்யச் சொன்ன கதைதான் அது.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் துறைமுகத்துக்குச் சம்பந்தப்பட்டது. கப்பல்களில் பயன்படும் காகித வரைபடங்களை 2026 முடிவுக்குள் நிறுத்தப் போவதாக பிரிட்டிஷ் கடல் வரைபட அலுவலகம் 2022 ஜூலையில் அறிவித்தது. எல்லாம் இனிமேல் திரையில்தான் என்றது. பயன்படுத்துகிறவர்கள், "எல்லாக் கப்பலிலும் அந்த வசதி இன்னும் வரவில்லையே" என்று எடுத்துச் சொன்னார்கள். அலுவலகம் கேட்டுக் கொண்டு, குறைந்தது 2030 வரை காகித வரைபடம் உண்டு என்று தள்ளி வைத்தது. தேதியைத் தள்ளி வைப்பது வேறு, தேதியை முன்னே இழுப்பது வேறு. தள்ளி வைத்தால் நம்பியவனுக்கு நஷ்டமில்லை. முன்னே இழுத்தால் நம்பியவன்தான் முதலில் விழுவான்.

தேதியே சொல்லாவிட்டால்?

இன்னொரு வகை உண்டு. அது நம் தமிழுக்கே நடந்தது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஒரு காலத்தில் கடைக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு முறை. ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் முடிவாயின. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில், யுனிகோடைத் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்லது! ஆனால் பழையது என்றைக்குப் போகும்? டி.டி.பி. கடைக்காரர் இருபது வருடமாக பேஜ்மேக்கரில் சேர்த்து வைத்த ஃபைல்களை எப்படி மாற்றுவார்? அதற்குத் தேதியும் இல்லை, கடைசிக் கடைக்காரர் வரைக்கும் வழி காட்டவும் ஆள் இல்லை. பேஜ்மேக்கரில் யுனிகோடு தமிழ் ஏறாது. விளைவு என்ன? போன வருடம் ஒரு கடையில் நான் யுனிகோடில் கொண்டு போன ஒரு பக்கம் திரையில் கட்டம் கட்டமாக வந்தது. "தம்பி, பாமினில அடிச்சிட்டு வா" என்றார் அண்ணாச்சி. அவரிடம் தப்பில்லை. புதியது வந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். பழையதை விடும் நாளையும், விடுகிற வழியையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆக, சொல்லாமல் எடுப்பது ஒரு தப்பு. சொன்ன வாக்கை முன்னே இழுப்பது ஒரு தப்பு. எடுக்கிறோம் என்று சொல்லி எடுக்காமலே விடுவதும் ஒரு தப்புதான்.

இலவசத்துக்கு நியாயம் கேட்கலாமா?

எங்கள் குழுவில் ஒருவன் சொன்னான்: "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாலே? ஓசியில குடுக்கான். அவன் இஷ்டத்துக்கு நிப்பாட்டுவான். நாம யாரு கேக்க?"

பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம், சம்மதிக்கிறேன். ஆனால் அந்த மாட்டை நம்பி ஒருவன் வயலில் ஏர் பூட்டி விட்டான் என்றால், திருப்பி ஓட்டிப் போகிற நாளையாவது சொல்ல வேண்டாமா? இலவசமாகக் கொடுப்பவருக்கு என்றென்றும் கொடுக்கும் கடமை கிடையாது. நாள் சொல்லும் கடமை உண்டு. நாள் சொல்வதற்குச் செலவும் அதிகம் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். ரெவ்யூவில் நடந்ததை ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடல்ல காத்து மாறுனா கூட வாறவன் சத்தம் போட்டுச் சொல்லுவான். ஒங்க தொழில்ல ஒனக்கு யாருய்யா சொல்லுவா?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் முழு விஷயமும். வகுப்பில் சிலருக்கு அண்ணன் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். சித்தப்பா சென்னையில் இருக்கிறார். "டேய், அந்த இமேஜ் போகப் போகுது, வரியை மாத்திரு" என்று ஒரு போன் வந்து விடும். பெரிய கம்பெனிகளில் இதைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தொழிலில் அண்ணன் கிடையாது, சித்தப்பா கிடையாது. எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்றுதான் அண்ணன். அந்த அறிவிப்பு இல்லை என்றால், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் மட்டும் தப்பிப்பான். அறிவிப்பு இருந்து, தேதி இருந்து, என்ன செய்ய வேண்டும் என்ற வழியும் இருந்தால், அண்ணன் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வரிசையில் நிற்கலாம். ஆகவே பழையதை நிறுத்தும் முறை என்பது வெறும் டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லை, அது நியாயம் பற்றிய சமாச்சாரம் என்கிறேன்.

நம் லேபில் என்ன செய்யலாம்?

வெளிநாட்டுச் சேவைக்குப் புத்தி சொல்லி விட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நம் லேப் கம்ப்யூட்டர்களிலும் ஓர் இமேஜ்தான் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றி, அதையே மற்றவற்றுக்கு நகல் எடுக்கிறார்கள். நீலத் திரையோடு வரும் டர்போ சி நினைவிருக்கிறதா? அந்தப் பழைய சாமானில் நம்மில் பலர் எழுதப் பழகினோம். ஒருநாள் போய்ப் பார்த்தால் அது இல்லை, புதுக் கம்பைலர் இருந்தது. மாற்றியது முழுக்க முழுக்கச் சரி. எத்தனை நாளைக்குத்தான் பழசையே கட்டிக் கொண்டு அழுவது? ஆனால் 'clrscr' போட்டால் பிழை, 'conio' என்றால் பிழை, 'void main' என்றால் எச்சரிக்கை! செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அது வந்ததால் பல பேருக்குக் கை நடுங்கியது. பருவத் தொடக்கத்தில் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் பழகியிருப்போம்.

ஆகவே மாணவர் மன்றத்தின் சார்பில் நம் பேராசிரியர்களுக்கும் நமக்கும் பணிவோடு சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, லேப் வாசலில் ஒரு பலகை வேண்டும். 'வருவது, போவது' என்று தலைப்பு. எது வருகிறது, எது போகிறது, எந்தத் தேதி, பதிலுக்கு என்ன என்று நாலே நாலு பத்தி, தமிழில். உதாரணத்துக்கு, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்று 2021-லேயே சொல்லி விட்டார்கள். அந்தத் தேதி அன்றிலிருந்தே ஒரு பலகையில் இருந்திருந்தால் எத்தனை பேர் திட்டமிட்டிருப்பார்கள்!

இரண்டு, லேப் இமேஜை மாற்றுவது பருவத் தொடக்கத்தில் மட்டும் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தின மாதத்தில் கூடவே கூடாது. பாதுகாப்பு ஓட்டை அடைப்பதற்கு மட்டும் விதிவிலக்கு.

மூன்று, மாற்றும் முன் ஒருநாள் ஒத்திகை வேண்டும். ஒரு பிற்பகல் மட்டும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதியதை ஓட்டிப் பார்ப்போம். எது உடைகிறது என்று எழுதிக் கொடுப்போம். பிறகு ஒரு பருவம் வரை இரண்டு கம்ப்யூட்டரில் பழையதும் இருக்கட்டும், இன்டர்நெட் இணைப்பு இல்லாமல்.

நான்கு, இது நமக்கு. புராஜெக்டில் லேட்டஸ்ட் என்று எழுதாதீர்கள். எண் போட்டு எழுதுங்கள். எண் போட்டு விட்டுத் தூங்கியும் விடாதீர்கள்! எண் போட்டவனுக்குத்தான் ஒரு நாள் அந்த எண்ணே இல்லாமல் போகும். குழுவில் ஒருவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை அறிவிப்புகளைப் படிக்கும் பொறுப்பை எடுத்துக் கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு இப்போது எனக்கு. பச்சை விளக்கு எரிந்தாலும் நான் மஞ்சள் வரியைப் படிக்கிறேன்.

ஐந்து, நாளைக்கு நாமே ஒரு புரோகிராம் செய்து நாலு பேர் கையில் கொடுப்போம். அப்போது இதை மறக்கக் கூடாது. எங்கள் ஏலக் கணக்கு புரோகிராமை இரண்டு ஏலக்காரர்கள் இப்போது நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு நாங்கள் நாலு பேரும் வேலைக்குப் போய் விடுவோம். அதை யார் பார்ப்பது? "ஜூன் வரைக்கும் நாங்க பாப்போம் அண்ணாச்சி, அதுக்கப்புறம் ஒங்க கணக்கு எல்லாத்தையும் எக்செல்ல எடுத்துத் தந்திருதோம்" என்று அவர்களிடம் எழுதியே கொடுத்து விட்டோம். ஒருவர் சிரித்துக் கொண்டே, "போற நாளைச் சொல்லிட்டுப் போற பயலுவளை இப்பதான் பாக்கேன்" என்றார். ரெவ்யூவில் கிடைக்காத மார்க் அன்றைக்குக் கிடைத்தது!

தோழர்களே! புதியது வரட்டும், வரவேற்போம். பழையது போகட்டும், வழியனுப்புவோம். ஆனால் வருவது மாதிரி காட்டி விட்டு வரட்டும். போவது நாள் சொல்லி விட்டுப் போகட்டும். சொன்ன நாளைப் படிப்பது நம் கடமை. படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்றால், என் வீட்டுக்கும் என் தெருவுக்கும் சத்தம் போட்டுச் சொல்வதும் என் கடமை.

சிந்திப்போம்! செயல்படுவோம்!